ஜீப்புக்கு அடியில் ஒரு ராத்திரி

உள்ளே விட்டுவிட்டார்கள்! போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் பொழுது சாய்ந்ததும் வந்து நிற்கும் ஒர்க் ஷாப்புக்குள் நிற்கிறேன். "எங்க வேணும்னாலும் நின்னு பாருங்கண்ணே, ஜாக்கி பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்பது ஒன்றுதான் நிபந்தனை. நீங்களும் கூடவே வாருங்கள். வாசலில் சிந்தியிருக்கும் ஆயிலில் கால் வைக்காமல் ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், உள்ளே வந்துவிடலாம்.

ஏலக்காய் மணக்கும் ஊருக்கு வந்து கிரீஸ் வாடையில் நிற்பதில் இத்தனை குஷி எதற்கு என்கிறீர்களா? மலையிலிருந்து வரும் ஒவ்வொரு ஏலக்காயும் ஏதோ ஒரு ஜீப்பின் முதுகில்தான் பயணத்தைத் தொடங்குகிறது. அந்த ஜீப் தாங்குவதும் தாங்காததும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் நாலு இரும்புக் குழாய்களைப் பொறுத்தது. அவைதான் ஷாக் அப்சர்பர்கள். கடையில் வாங்கிப் போட்ட ஷாக் இந்த மலையில் எத்தனை நாள் உழைக்கும்? இந்தக் கேள்வியோடுதான் வந்தேன். பதில் இவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் முன்னாலேயே வந்திருப்பேன்.

முதலில் கண்ணை ஒரு சுற்று சுற்ற விடுங்கள். சுவரில் சந்தனம் வைத்த சாமி காலண்டர். அதற்குக் கீழே ஆணியில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் கேனில் டீசல், அதில் ஊறும் போல்ட்டுகள். மூலையில் உடைந்த ஸ்பிரிங் பட்டைகள், தேய்ந்த டயர்கள், அவற்றின் மேல் யாரோ கழற்றி வைத்த சாப்பாட்டு வாளி. ரேடியோவில் இளையராஜா. பண்ணைப்புரம் இதே தேனி மாவட்டம் என்பதால் ஒர்க் ஷாப்பில் அவர் சொந்தக்காரர் மாதிரிதான். சேனலை மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது.

கமாண்டர், மேஜர், மார்ஷல், பொலிரோ என்று ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள் வந்து நுழைகின்றன. மஹிந்திரா நிறுவனம் 1947ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டித் தர ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்த வண்டிகளைச் சில ஊர்களில் பொருட்காட்சியில் பார்க்கலாம். இங்கே அவை நாளைக் காலை வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் ராத்திரிக்குள் பார்த்து முடித்தாக வேண்டும்!

சாக்கை விரித்துப் படுத்து, செல்போன் டார்ச்சோடு ஒரு ஜீப்புக்கு அடியில் நுழைகிறோம். ஆஹா, அடிப்பக்கம் ஒரு தனி உலகம்! மேலே மஞ்சள் குங்குமமும் பூமாலையுமாக இருக்கும் அதே வண்டி, கீழே முழுக்கச் செம்மண் அப்பிக் கிடக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் பையன் மண்ணை விரலால் சுரண்டுகிறான். முன்பக்க ஷாக்கில் மண் பொலபொலவென்று உதிர்கிறது. "இது நல்லாருக்கு." பின்பக்கம் இடதுபுற ஷாக்கில் மண் உதிராமல் கறுப்புப் பசையாக விரலில் ஒட்டுகிறது. "இது போச்சுண்ணே." அவ்வளவுதான் பரிசோதனை! காய்ந்த மண் என்றால் எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் சீல் உயிரோடு இருக்கிறது. பசை என்றால் எண்ணெய் வெளியே வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அவன் அவசரப்படுவதில்லை. வேறு எங்கிருந்தாவது தெறித்த எண்ணெயாகவும் இருக்கலாமே! சந்தேகமான ஷாக்கைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுநாள் சாயங்காலம் திரும்பப் பார்ப்பார்களாம். திரும்பவும் நனைந்திருந்தால் தீர்ப்பு உறுதி. இந்த ஜீப்புக்கு அந்தத் துடைப்பு நேற்றே முடிந்துவிட்டது. துடைத்த இடம் திரும்பவும் பளபளக்கிறது.

அடுத்து வேடிக்கை. மூன்று பையன்கள் பின் பம்பரில் ஏறி நிற்கிறார்கள். "ஒண்ணு... ரெண்டு... குதி!" என்று பெரிய மெக்கானிக் குரல் கொடுக்க, மூவரும் ஒரே நேரத்தில் குதித்து இறங்குகிறார்கள். வண்டி எம்பி, தாழ்ந்து, நிற்கிறது. காராக இருந்தால் இதை வைத்தே ஷாக் நல்லதா கெட்டதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஜீப்பில் அது நடக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் தமக்குள் உரசிக்கொள்வதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். "அப்ப எதுக்குண்ணே குதிக்க விடுறீங்க?" என்று கேட்டேன். "ஷாக்கைப் பூட்டுற ரப்பர் புஷ்ஷு போயிருந்தா சத்தம் கேக்கும்ல? காதைத் தீட்டிக்கிட்டு நில்லுங்க" என்றார். மறுபடி குதித்தார்கள். டொக்! இடது பின்பக்கம்தான்.

கழற்றிய ஷாக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இழுத்து, அமுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். நல்ல ஷாக்கை இழுத்தால் முழு நீளத்துக்கும் ஒரே சீராகக் கையை எதிர்க்கும். இதுவோ பாதி தூரம் சும்மா ஓடுகிறது, அப்புறம்தான் கொஞ்சம் பிடிக்கிறது, காற்று புகுந்த சைக்கிள் பம்ப் போலக் கொர்ரென்கிறது. அந்த வெற்று ஓட்டம்தான் தோட்டத்துப் பாதையில் பின்சீட்டுக்காரர்களின் முதுகெலும்பில் விழும் குத்து.

கேஸ் அழுத்தி நிரப்பிய ஷாக்கை அறுக்கவே கூடாது, ஆபத்து. இது பழைய எண்ணெய் ஷாக் என்பதால் எனக்காகப் பிரித்துக் காட்டினார்கள். உள்ளே ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள், துளைகளை மூடிய மெல்லிய தகடுகள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகத் திணறிக்கொண்டு போக வேண்டும். அந்தத் திணறல்தான் ஆட்டத்தை அடக்குகிறது. புதிதில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்திருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, இரும்புத்தூள் மினுமினுக்கக் கிண்ணத்தில் வடிகிறது.

இப்போது கிட்டே வந்து இந்தத் தண்டைப் பாருங்கள். கண்ணாடியாக மின்னும் குரோம் பூச்சு. அதில் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக இழுக்கிறேன். வழுக்கிக்கொண்டே போன நகம் ஓரிடத்தில் டக்கென்று தடுக்குகிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துருப்புள்ளி, அதையொட்டி ஒரு மெல்லிய கீறல். ஏதோ ஒரு மழை நாளில் தெறித்த சேறு அங்கே ஒட்டிக் காய்ந்திருக்கிறது, அதனடியில் துரு பிடித்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் புள்ளி ரப்பர் சீலை உரசி உரசி அறுத்திருக்கிறது. இத்தனை பெரிய ஜீப்பின் பிரச்சினை இத்தனூண்டு புள்ளியில்! சிலிர்த்துப் போய் நின்றேன்.

கணக்கு கேட்டால் இன்னும் சிலிர்க்கும். ஷாக் தயாரிக்கும் மன்ரோ நிறுவனம் சொல்வது, சாதாரண ரோட்டிலேயே ஒரு மைலுக்குச் சராசரியாக 1,750 தடவை ஷாக் வேலை செய்கிறது என்று. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள், 80,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்பது அவர்களுடைய பரிந்துரை. மைலாக மாற்றிப் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட எட்டே முக்கால் கோடி தடவை! இது தார் ரோட்டுக் கணக்கு. இதைப் பெரிய மெக்கானிக்கிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "தேனிக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு அது சரிங்க. மேல போற வண்டிக்குக் கிலோமீட்டரே கெடையாது. மழைதான் கணக்கு. ஒவ்வொரு மழை முடிஞ்சதும் அடியில படுத்துப் பாத்தாகணும்."

புது ஷாக் அட்டைப்பெட்டி திறக்கிற நேரம் ஒர்க் ஷாப்புக்கே திருவிழா. பெரும்பாலும் வருவது உள்நாட்டு வகைகள். 1961ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவுக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஆசைப்பட்டு ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்றவற்றை வாங்கி வருகிறவர்களும் உண்டு. ஓரமாக நிற்கும் தோட்ட முதலாளி வீட்டு மஹிந்திரா தார் ஜீப்புக்கு அப்படி ஒரு செட் காத்திருக்கிறது. கேஸ் நிரப்பிய ஷாக்கை அமுக்கி, பட்டையால் கட்டித்தான் பெட்டியில் வைத்திருப்பார்கள். பட்டையை வெட்டியதும் தண்டு தானாக, மெதுவாக எழுந்து வருகிறது! பையன்களுக்குள் உடனே போட்டி: யார் ஒரே மூச்சில் திரும்ப அமுக்குவது? நெஞ்சோடு அணைத்து, முக்கி முனகி, முகம் சிவந்து... ஒல்லியான பையன்தான் ஜெயித்தான். பரிசு ஒரு கிளாஸ் டீ.

"விலையப் பாத்து வாங்குறாங்க. நீளத்தப் பாக்க மாட்டேங்குறாங்க" என்கிறார் பெரிய மெக்கானிக். வண்டியை உயர்த்திக் கட்டிவிட்டுப் பழைய நீளத்திலேயே ஷாக் போட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அச்சின் மொத்த எடையையும் அந்தத் தண்டே பிடித்து இழுக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பிய்ந்துவிடும். நீளம் கூடிப்போனாலும் கஷ்டம்தான். பாரம் ஏறி அமுங்கும்போது உள்ளே இடித்து நொறுங்கும். இடிதாங்கும் ரப்பர் கட்டை இல்லாத வண்டிக்குப் புது ஷாக்கே போட மாட்டாராம். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி வளைவில் ஒரு பக்கமாக இழுபடும், இந்த மலையில் அது விளையாட்டில்லை.

நள்ளிரவு டீ வருகிறது. டயர்தான் நாற்காலி. கிளாஸைப் பிடித்த விரல் எல்லாம் கறுப்பு. கதைகள் அவிழ்கின்றன. "ஒரு டிரைவர் வந்து 'ஷாக்க கொஞ்சம் பாருண்ணே'ன்னாரு. அடியில போய்ப் பாத்தா ஷாக்கே இல்ல, போல்ட்டு மட்டும் தொங்குது. எப்பய்யா விழுந்துச்சுன்னு கேட்டா, 'அதான் ரெண்டு மாசமா வண்டி லேசா ஓடுதா? நான் மைலேஜ் கூடிருச்சுன்னு ஓனர்கிட்ட பேரு வாங்கிட்டேனே'ங்குறாரு!" ஒர்க் ஷாப்பே அதிர்கிறது. சிரிப்பு அடங்கும் முன்பே ஒருவர் பல்லில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அடுத்த ஜீப்புக்கு அடியில் நுழைந்துவிட்டார். வேர்வை சொட்டச் சொட்டக் கடைசி நட்டை முறுக்கி முடிக்கும்போது, தெருவில் பால்காரர் மணி கேட்கிறது.

விடியலில் காட்சி மாறுகிறது. சேலைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கு, மழைக்குப் பிளாஸ்டிக் தாள் என்று தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப்புக்காக நிற்கிறார்கள். அவரவருக்கு வாடிக்கையான இடம் உண்டு. ஏறும்போதே பேச்சும் சிரிப்பும் தொடங்கிவிடுகிறது. வயதான ஒரு அம்மா மட்டும் ஏறாமல் நின்று டிரைவரைக் கேட்கிறார்: "ஏந்தம்பி, எடது பக்கம் தூக்கித் தூக்கி அடிச்சுச்சே, பாத்தியா இல்லியா?"

"மாத்திட்டேன் சித்தி, புதுசு போட்டாச்சு. ஏறுங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும் என்று தோன்றியது! டார்ச்சும் சாக்கும் மூன்று பேர் குதித்ததும் கண்டுபிடித்ததை, இவர் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். இடது பின்பக்கம். அச்சுக்கு நேர் மேலே இருக்கும் இடம் அவருடையது. ஷாக் கெட்டால் முதலில் தெரிவது அந்த இடத்தில்தான்.

நானும் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் மலை ஆரம்பம். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து தொண்டி போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. பாதை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டில் இருக்கும் எல்லாரும் ஒன்றுபோலச் சாய்ந்து, ஒன்றுபோல நிமிர்கிறார்கள். பேச்சு மட்டும் அறுபடவே இல்லை. மேலே ஏற ஏறக் காது அடைக்கிறது, காற்று குளிர்கிறது, கீழே போடி பஞ்சு மேகத்துக்குள் மறைகிறது.

இந்த மலைச்சரிவில் பாரம் இறக்குவது எந்தக் காலத்திலும் பெரிய சாகசம்தான். மூணாறு பக்கத்துத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு வரக் குண்டலைப் பள்ளத்தாக்கில் ரயிலே ஓடியிருக்கிறது. அங்கிருந்து கொட்டகுடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வேயில் பெட்டிகள் இறங்கின, பிறகு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. இன்றைக்குச் சரக்கும் ஆட்களும் ரப்பர் சக்கரத்தில்தான் மலை ஏறி இறங்குகிறார்கள்.

போடிமெட்டில் பனி. டீக்கடையில் வண்டி நின்றதும் நான் பாய்ந்து போய்ப் புது ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன். சும்மா வெதுவெதுப்பு. டிரைவர் சிரித்தார். "இது தார் ரோடுங்க, இங்க அதுக்கு என்ன வேலை? தோட்டத்துக்குள்ள போயித் தொடுங்க."

பூப்பாறை பக்கம் பிரதான ரோட்டை விட்டு விலகியதும் அவர் சொன்னது புரிந்தது. பாறை, வேர், சேறு, மறுபடி பாறை! கியரை மாற்றி, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, நடக்கிற வேகத்தில் ஜீப் ஊர்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் டிரைவர் கிளச்சில் ஒரு மரியாதை செய்கிறார்: முன்சக்கரத்தை மெல்ல ஏற்றி, நிறுத்தி, மெல்ல இறக்குகிறார். அவசரப்பட்டு இறக்கினால் அடி முழுக்க ஷாக்குக்கு. ஷாக்கின் ஆயுளில் பெரிய பங்கு அவருடைய இடது காலில் இருக்கிறது என்பதை மணிக்கணக்கில் பேசி விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்திருக்காது.

காய் உலர்த்தும் தோட்டத்து ஸ்டோர் வாசலில் வண்டி நின்றது. இப்போது வரிசையாகப் புறங்கையால் தொடுகிறோம். முதலாவது சூடு. இரண்டாவது சூடு. மூன்றாவது சூடு. நேற்றிரவு ஜோடியாகப் பூட்டியதில் இடது பக்கத்து நாலாவது... சூடு! குதிப்பும் குலுக்கலும் எங்கே போகிறது என்பதற்கு இந்தச் சூடுதான் பதில். ஷாக் ஆட்டத்தையெல்லாம் வாங்கி, எண்ணெயில் வெப்பமாக்கி, காற்றில் விட்டுவிடுகிறது. கரடுமுரடான பாதைக்குப் பிறகு எது மட்டும் சில்லென்று இருக்கிறதோ அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தொட முடியாத அளவுக்குக் கொதித்தாலும் நல்லதல்ல. எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு போய்விடும், ஆறவிட வேண்டும். பாலைவன ராலிகளில் பெரிய அணிகள் ராத்திரியோடு ராத்திரியாக ஷாக்குகளைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றுவார்கள். இங்கே அதே வேலையை ஒரு புறங்கையும் ஒரு துணியும் செய்கின்றன.

ஸ்டோருக்குள் எட்டிப் பார்க்காமல் வரலாமா? பச்சைக் காய் மூட்டைகள் உள்ளே போகின்றன, உலர்ந்த காய் வாசனை வெளியே வருகிறது. ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காய்க்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக் காய் வேண்டும். போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்துக்கு ஒரு கிலோ போய்ச் சேருவதற்குள், தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகளில் அதைப்போல ஐந்து மடங்கு எடையை ஏதோ ஒரு ஜீப் குலுங்கிக் குலுங்கிச் சுமந்திருக்கும். மலைக்கு அந்தப்பக்கம் கொழுக்குமலை ஜீப்புகளுக்கும் இதே பாடுதான். தோட்டம் தேனி மாவட்டத்தில், பாதையோ கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கல்லுப் பாதையில் குலுங்கிக்கொண்டு போகும் வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆக, கடையில் வாங்கிப் போட்ட ஷாக் எத்தனை நாள் உழைக்கும்? மலைக்குப் போய்வந்த கையோடு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சரியான நீளத்தில் வாங்கி, ஜோடியாகப் பூட்டி, புஷ்ஷையும் இடிதாங்கி ரப்பரையும் சேர்த்துப் பார்த்து, தண்டில் சேறு காயவிடாமல் கழுவி, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அடியில் படுத்துப் பார்க்கிறவரிடம் சாதாரண உள்நாட்டு ஷாக்கே நன்றாக உழைக்கிறது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, கல்லைப் பார்க்காமல் விரட்டுகிற வண்டியில் எந்த வெளிநாட்டு ஷாக்கும் தாங்காது. பிராண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைக் கவனிப்புக்குக் கொடுத்தால் ஷாக்கும் மிஞ்சும், முதுகும் மிஞ்சும்.

கொழுக்குமலைக்கோ மேகமலைக்கோ ஜீப்பில் போகும் நண்பர்களே, "இன்னும் கொஞ்சம் வேகமா போங்கண்ணே" என்று டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். தோட்ட முதலாளிகளுக்கும் ஜீப் ஓனர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து தினமும் மலை ஏறி இறங்குகிறவர்கள்தான் உங்கள் ஏலக்காயைப் பறிக்கிறார்கள். "வண்டி தூக்கி அடிக்குது" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அன்றைக்குச் சாயங்காலமே வண்டியை ஒர்க் ஷாப்புக்கு விடுங்கள்.